விடைக்கு முன் ஒரு வாக்கியம்: முதலாண்டுக் கணிதத்தைப் படிக்கும் முறை

ஒரு மாணவி தன் விடைத்தாளை என் மேசைமேல் வைத்தாள். நூற்றுக்கு 38. "மேடம், வகையிடல் எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறேன். மதிப்பெண் எங்கே போனது என்றே தெரியவில்லை" என்றாள். பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. ஓர் அளவு மாறும் வேகத்தைக் கண்டுபிடிக்கும் வகையிடல் விதிகளில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் மூன்றாவது வரியில் √(அ² + ஆ²) என்று இருந்தது, நான்காவது வரியில் அ + ஆ ஆகியிருந்தது.

"அ-வுக்கு 3, ஆ-வுக்கு 4 போட்டுப் பார் அம்மா" என்றேன். போட்டாள். இடப்பக்கம் √25, அதாவது 5. வலப்பக்கம் 7. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதே தவறு அந்தத் தாளில் இன்னும் மூன்று இடங்களில் இருந்தது. நுண்கணிதத்தில் தோற்றுவிட்டதாக நினைத்து வந்திருந்தாள். அவளை வீழ்த்தியது பள்ளியில் படித்த இயற்கணிதம்.

பதினேழு ஆண்டுகளாகக் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று பாடங்களை நடத்துகிறேன்: நுண்கணிதத்துக்கு முன் படிக்க வேண்டிய முன்நுண்கணிதம், நுண்கணிதம், அறிமுகப் புள்ளியியல். மூன்றும் வெவ்வேறு குணமுள்ள பாடங்கள். ஆனால் தடுமாறுகிறவர்களிடம் மூன்றிலும் நான் காண்பது ஒரே பழக்கம்தான். கேள்வியைக் கண்டதும் சூத்திரத்தைத் தேடுகிறார்கள். கிடைத்ததும் எண்களை உள்ளே போடுகிறார்கள். வந்ததை விடை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். வந்த விடை பொருந்துமா என்று ஒரு கணமும் நின்று பார்ப்பதில்லை.

நானும் அப்படித்தான் படித்தேன். முதலாண்டில், தீர்த்துக் காட்டிய கணக்குகள் அனைத்தையும் நல்ல கையெழுத்தில் இரண்டு முறை படியெடுத்து வைத்திருந்தேன். இடைத்தேர்வில் பரப்பளவு கேட்ட ஒரு கணக்குக்கு −2 என்று விடை எழுதினேன். என் ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடிக்கவில்லை. பக்கத்தில், "பரப்பளவு எப்படிக் குறை எண் ஆகும்?" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன். அந்த ஒரு வரிதான் நான் படிக்கும் விதத்தை மாற்றியது. இன்று நான் பாடம் நடத்தும் விதமும் அதிலிருந்து வந்ததுதான்.

நான் சொல்வது இதுதான்: கணக்கைத் தொடங்கும் முன், விடை எப்படி இருக்கும் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். உங்கள் சொற்களில், முழு வாக்கியமாக. மிகை எண்ணா, குறை எண்ணா? ஒன்றைவிடப் பெரிதா, சிறிதா? மீட்டரா, வினாடிக்கு மீட்டரா? சரியான விடையை முன்கூட்டியே சொல்ல வேண்டியதில்லை. அது எந்தப் பக்கம் இருக்க முடியாது என்று சொன்னாலே போதும். முதல் இரண்டு வாரம் இது நேரத்தை விழுங்குவதுபோல் தோன்றும். பிறகு, தவறு நடந்த இடத்திலேயே கை நின்றுவிடும்.

பழைய பாக்கியை முதலில் தீர்த்துவிடுங்கள்

நுண்கணித வகுப்பில் சேரும் முன் ஒரு தாளை எடுத்து, கால்குலேட்டர் இல்லாமல், பத்து நிமிடத்துக்குள் இவற்றுக்கு விடை எழுதிப் பாருங்கள். 1/அ + 1/ஆ எவ்வளவு? −3² எவ்வளவு, (−3)² எவ்வளவு? 8-இன் அடுக்கு 2/3 என்றால் என்ன? 2-இன் அடுக்கு −3? அடிமானம் 10 எனில் 1000-இன் மடக்கை எவ்வளவு? பை/6 ரேடியன் கோணத்தின் சைன் மதிப்பு என்ன?

விடைகள் வரிசையாக: (அ + ஆ)/அஆ, −9, 9, 4, 1/8, 3, 1/2. இரண்டு தவறினாலும் ஒரு வாரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். இது வெட்கப்பட வேண்டிய காரியமில்லை. நுண்கணிதக் கணக்கு ஒன்றில் நுண்கணிதம் இரண்டு வரிதான் இருக்கும். மீதி எட்டு வரி பின்னமும் அடுக்குக்குறியும் காரணிப்படுத்தலும்தான்.

விதி மறந்துபோனால் மனப்பாடத்தைத் துழாவாதீர்கள். சிறிய எண்களைப் போட்டுப் பாருங்கள். பின்னங்களைக் கூட்டும்போது மேலும் கீழும் தனித்தனியாகக் கூட்டலாமா என்று ஐயம் வந்தால், 1/2 + 1/3-ஐ அப்படிக் கூட்டுங்கள்: 2/5 வரும். 2/5 என்பது 1/2-ஐவிடச் சிறியது. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா? அந்த வழி தவறு என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. இனி எந்த ஆசிரியரும் சொல்லத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: சோதனைக்கு 0, 1, 2 ஆகியவற்றை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2 + 2-உம் 2 × 2-உம் ஒன்றுதான் என்பதால், தவறான விதியும் சில சமயம் அவற்றில் தேறிவிடும்.

முன்நுண்கணிதத்தின் உயிர் சார்பு என்ற கருத்து. சார்பு, ஓர் எண்ணை உள்ளே போட்டால் ஓர் எண்ணை வெளியே தரும் இயந்திரம் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன; ஆனால் மாணவர்கள் விழும் இடம் அதன் குறியீட்டில். உங்கள் புத்தகம் எக்ஸ் என்று எழுதும் மாறியை இங்கே க என்றும், சிறு மாற்றத்தை ஹ என்றும், சார்பை சா என்றும் எழுதுகிறேன். சா(க) = க² + 3க எனில் சா(க + ஹ) என்ன? வகுப்பில் பாதிப் பேர் க² + 3க + ஹ என்று எழுதுவார்கள். க-வைக் காலிப் பெட்டியாக மாற்றி எழுதச் சொல்வேன்: சா(□) = □² + 3□. இப்போது பெட்டி இருக்கும் இடமெல்லாம், அடைப்புக்குறியோடு, (க + ஹ)-ஐ வையுங்கள். (க + ஹ)² + 3(க + ஹ). இரண்டு பெட்டி இருந்தால் இரண்டு இடத்திலும் வைக்க வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும். இந்தப் பெட்டிப் பழக்கம் வந்துவிட்டால் வகைக்கெழுவின் (வகையிட்டால் கிடைக்கும் சார்பின்) வரையறை, சார்புக்குள் சார்பு, பிரதியிடல் எல்லாமே எளிதாகும். பத்து சார்புகளை எடுத்து இதை மட்டும் ஒரு மாலை முழுக்கச் செய்யுங்கள்.

மடக்கையைக் கண்டு அஞ்சுகிறவர்கள் அதிகம். மடக்கை என்பது ஒரு கேள்விக்கான பதில்: 'பத்தை எந்த அடுக்குக்கு உயர்த்தினால் இந்த எண் வரும்?' பத்தின் அடுக்கு மூன்றுதான் ஆயிரம் என்பதால் ஆயிரத்தின் மடக்கை 3. ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கை அட்டவணையை வெளியிட்டபோது அதன் பயனே பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவதுதான். ஆகவே மடக்கை(10 × 100) = 1 + 2 = 3. மடக்கை(10 + 100) என்பது 110-இன் மடக்கை. நூறின் மடக்கை 2 என்பதால், அது 2-க்குச் சற்றே மேல், ஏறத்தாழ 2.04. கூட்டலின் மடக்கையை இரண்டாகப் பிரிக்க முயலும் கை, இந்த ஓர் எடுத்துக்காட்டை நினைத்தால் நின்றுவிடும்.

முக்கோணவியலில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நுண்கணிதத்தில் கோணம் ரேடியனில்தான் இருக்க வேண்டும். கோணம் சிறிதாக இருக்கும்போது சைன் மதிப்பும் கோணமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது ரேடியனில் மட்டுமே: சைன் 0.1 என்பது 0.0998. சைனின் வகைக்கெழு கோசைன் என்ற அழகான விதி அந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. பாகையில் எழுதினால் ஒவ்வொரு முறையும் பை/180 கூடவே ஒட்டிக்கொண்டு வரும். தேர்வு அறையில் உட்கார்ந்ததும் கால்குலேட்டரில் சைன் 30 என்று அழுத்திப் பாருங்கள். 0.5 வந்தால் அது பாகையில் இருக்கிறது. −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது.

நுண்கணிதம்: விதிக்கு முன் எண்கள்

வகையிடல் விதிகளுக்குப் போகும் முன் ஒரு சாய்வையாவது எண்களால் கையாலேயே கண்டுபிடித்துவிடுங்கள். க² என்ற வளைகோடு, க = 3 என்ற இடத்தில் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது? 3.1² = 9.61. மாற்றம் 0.61, 0.1-ஆல் வகுத்தால் 6.1. அடுத்து 3.01² = 9.0601, வகுத்தால் 6.01. அடுத்து 6.001. எண்கள் எங்கே நெருங்குகின்றன என்று உங்களுக்கே தெரிகிறது. எல்லை என்ற சொல்லின் பொருள் இதுதான். இப்போது இதையே எழுத்தால் செய்யுங்கள்: (3 + ஹ)² − 9-ஐ ஹ-ஆல் வகுத்தால் 6 + ஹ. ஹ சுருங்கச் சுருங்க, மிஞ்சுவது 6. இதைச் செய்த பிறகு "வகைக்கெழு 2க" என்ற விதியைப் பாருங்கள். மூன்றைப் போட்டால் 6. விதி வானத்திலிருந்து வரவில்லை என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

எந்த விதியில் ஐயம் வந்தாலும் இந்த வழி துணைக்கு வரும். சார்புக்குள் சார்பு இருக்கும்போது வகையிடும் சங்கிலி விதியை எடுத்துக்கொள்வோம். முதலாண்டில் அதிக மதிப்பெண்ணைத் தின்பது இதுதான். (3க + 1)²-இன் வகைக்கெழு என்ன? பலர் 2(3க + 1) என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். க = 1 என்ற இடத்தில் அது 8 ஆகும். சோதித்துப் பார்ப்போம். க = 1 எனில் சார்பின் மதிப்பு 16. க = 1.01 எனில் 4.03² = 16.2409. மாற்றம் 0.2409, 0.01-ஆல் வகுத்தால் 24.09. எட்டு எங்கே, இருபத்து நான்கு எங்கே! விட்டுப்போனது மூன்று மடங்கு. அந்த மூன்று, உள்ளே இருக்கும் 3க + 1-இன் வகைக்கெழு. உள்ளே இருப்பது மூன்று மடங்கு வேகமாக மாறுகிறது. அந்த வேகத்தை வெளியே இருப்பதும் சுமக்கத்தானே வேண்டும்? ஆகவே சங்கிலி விதி எழுதும்போது இரண்டு தனி வரியாக எழுதுங்கள்: வெளிச்சார்பின் வகைக்கெழு ஒரு வரி, உட்சார்பின் வகைக்கெழு ஒரு வரி. பிறகு பெருக்குங்கள். ஒரே வரியில் எழுதும் திறமை தானாக வரும். அதைத் துரத்த வேண்டாம்.

சொற்கணக்குகளில் வாக்கியம் எழுதும் பழக்கம் முழுப் பலன் தரும். 5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அதன் அடி சுவரிலிருந்து வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் விலகுகிறது. அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும்போது மேல்முனை என்ன வேகத்தில் நகர்கிறது? முதலில் வாக்கியம்: "மேல்முனை கீழே இறங்குகிறது, உயரம் குறைகிறது, ஆகவே விடை குறை எண், அலகு வினாடிக்கு மீட்டர்." அடுத்து படம். மாறிக்கொண்டே இருப்பவற்றுக்கு எழுத்து, மாறாததற்கு மட்டும் எண். அடியின் தூரம் அ, உயரம் ஆ, ஏணி 5: அ² + ஆ² = 25. இதை நேரத்தைப் பொறுத்து வகையிட்டு இரண்டால் வகுத்தால், அ × (அ-வின் வேகம்) + ஆ × (ஆ-வின் வேகம்) = 0. இப்போதுதான் எண்களைப் போட வேண்டும். அ = 3, ஆ = 4, அ-வின் வேகம் 1. மேல்முனையின் வேகம் −3/4. வாக்கியத்தோடு ஒத்துப்போகிறது.

இந்தக் கணக்கில் நூற்றுக்கணக்கான தாள்களில் நான் கண்ட பிழை ஒன்றே: வகையிடும் முன்பே அ-வுக்குப் பதில் 3 எழுதிவிடுவது. அ-வை 3 என்று நிலைநிறுத்திவிட்டால் அது நகர்வது எப்படி? அடி நகராத ஏணியின் மேல்முனையும் நகராது. விடை 0 வரும். "மேல்முனை இறங்குகிறது" என்று முன்பே எழுதி வைத்திருப்பவர் அந்தப் பூஜ்யத்தை ஏற்கமாட்டார்.

வகையிடலைத் தலைகீழாகச் செய்யும் தொகையிடல் வேறு மாதிரியான வேலை. வகையிடலில் விதியைப் பின்பற்றினால் விடை வந்தே தீரும். தொகையிடலில் தேட வேண்டும். "எதை வகையிட்டால் இது வரும்?" என்பதே கேள்வி. ஆகவே பிரதியிடலா, பகுதித் தொகையிடலா, பின்னமாகப் பிரிப்பதா என்று அடையாளம் காண்பதில்தான் பயிற்சி வேண்டும். இருபது கணக்குகளை எடுத்து, ஒன்றையும் தீர்க்காமல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த முறை, ஏன் என்று மட்டும் எழுதிப் பாருங்கள். தீர்த்த பிறகு விடையை வகையிட்டுச் சரிபாருங்கள். கணிதத்தில் இப்படி விடையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் வசதி எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைத்த இடத்தில் விடக் கூடாது.

தொகையீட்டுக் குறி நீண்டு வளைந்த ஓர் எழுத்து. கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'சும்மா'வின் முதல் எழுத்தை 1675-இல் லைப்னிட்ஸ் நீட்டி எழுதியது அது. அந்தக் குறியைப் பார்க்கும்போதெல்லாம் மெல்லிய பட்டைகளைக் கூட்டுகிறோம் என்று நினையுங்கள். க² வளைகோட்டின் கீழ் 0 முதல் 1 வரை பரப்பளவு என்ன? படம் வரைந்தால், ஒன்றுக்கு ஒன்று சதுரத்துக்குள் வளைகோடு மூலைவிட்டத்துக்குக் கீழே தொங்குகிறது. ஆகவே, "விடை அரையைவிடக் குறைவு." கணக்கு 1/3 தருகிறது. பொருந்துகிறது.

என் −2 கதைக்கு வருகிறேன். கேள்வி, 1/க² என்ற சார்பின் கீழ் −1 முதல் 1 வரை உள்ள பரப்பளவைப் பற்றியது. எதிர் வகைக்கெழு, அதாவது வகையிட்டால் 1/க² தருவது, −1/க. இரு முனைகளையும் போட்டுக் கழித்தேன்: −1 − 1 = −2. சூத்திரப்படி ஒரு பிழையும் இல்லை. ஆனால் 1/க² எங்கேயும் குறை எண் ஆகாது. வளைகோடு முழுக்க அச்சுக்கு மேலேதான் இருக்கிறது. "விடை மிகை எண்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த −2-ஐப் பார்த்ததும் நின்றிருப்பேன். நின்றிருந்தால், க = 0 என்ற இடத்தில் சார்பு கட்டுக்கடங்காமல் மேலே போவதையும், இப்படி முனைகளைப் போட்டுக் கழிக்க விடும் நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் கேட்கும் தொடர்ச்சி அங்கே இல்லை என்பதையும் கண்டிருப்பேன். அந்தப் பரப்பளவு முடிவுள்ள எண்ணே அல்ல. தேற்றத்தின் முதல் வரியில் வரும் "தொடர்ச்சியான சார்பு எனில்" என்ற நிபந்தனை அலங்காரத்துக்கு இல்லை என்று அன்றுதான் புரிந்தது. தேற்றங்களைப் படிக்கும்போது நிபந்தனையை அடிக்கோடிட்டு, அது இல்லாவிட்டால் எது கெடும் என்று ஓர் எடுத்துக்காட்டைப் பக்கத்தில் எழுதுங்கள்.

புள்ளியியல்: இங்கே விடை ஒரு வாக்கியமே

அறிமுகப் புள்ளியியலுக்கு நுண்கணிதம் பெரும்பாலும் தேவைப்படாது. அதனால் எளிது என்று நினைத்து வருகிறவர்கள் பலர். கணக்குப் போடுவது எளிதுதான். பெரும்பகுதியைக் கணினியே செய்துவிடும். கணினி செய்யாதது, வந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று எழுதுவது. மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

எண்களை எடுத்ததும் முதலில் படம் வரையுங்கள். பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் நான்கு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். சராசரிகள், மாறுபாடுகள், ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் எண்), பொருத்திய நேர்கோடு என எல்லாமே நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒட்டுறவு நான்கிலும் ஏறத்தாழ 0.82. வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோட்டை ஒட்டிய சிதறல், ஒன்று தெளிவான வளைவு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி கோட்டை இழுக்கிறது, நான்காவதில் ஒரு புள்ளி இல்லாவிட்டால் உறவே இல்லை. இந்த நான்கையும் ஒரு முறை உங்கள் கையால் வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள்.

திட்ட விலக்கத்தையும் ஒரு முறையாவது கையால் போடுங்கள். 4, 6, 7, 9, 14. சராசரி 8. விலக்கங்கள் −4, −2, −1, 1, 6. இவற்றைக் கூட்டினால் 0, எப்போதும் 0தான். ஆகவே நான்கு விலக்கங்கள் தெரிந்தால் ஐந்தாவது தானாகத் தெரிந்துவிடும். உண்மையில் சுதந்திரமான தகவல் நான்குதான். மாதிரிக்கு (மொத்தத்திலிருந்து எடுத்த சிறு பகுதிக்கு) கணக்கிடும்போது ஐந்தால் வகுக்காமல் நான்கால் வகுப்பதற்கான காரணம் இதில் இருக்கிறது. வர்க்கங்களின் கூடுதல் 58. நான்கால் வகுத்தால் 14.5, வர்க்கமூலம் ஏறத்தாழ 3.8. விலக்கங்களை மறுபடி பாருங்கள்: 1-க்கும் 6-க்கும் நடுவே இருக்கிறது. 38 என்றோ 0.38 என்றோ வந்திருந்தால் நம்பக் கூடாது.

திட்ட விலக்கமும் திட்டப் பிழையும் ஒன்றல்ல. முதலாவது, தனித்தனி அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பது. இரண்டாவது, மாதிரியின் சராசரி எவ்வளவு ஆடக்கூடும் என்பது. திட்ட விலக்கம் 20, மாதிரியில் 100 பேர் எனில், திட்டப் பிழை 20-ஐ √100-ஆல் வகுத்தது, 2. அதைப் பாதியாக்க 200 பேர் போதாது. 400 பேர் வேண்டும். ஆள் எண்ணிக்கையைக் கூட்டினால் ஆட்டம் குறையும். ஆனால் தேர்ந்தெடுத்த விதத்தில் சாய்வு இருந்தால் எத்தனை பேரைச் சேர்த்தாலும் அது போகாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் நடத்திய கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது இதழ். அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-இல் வென்றார். முகவரிகள் தொலைபேசி, கார் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து பெருமளவு வந்தவை. பதில் எழுத விரும்பியவர்களும் எல்லோரையும் போன்றவர்கள் அல்லர்.

கருதுகோள் சோதனையில்தான் சொற்கள் மிகவும் வழுக்கும். ஒரு நாணயத்தை 100 முறை சுண்டுகிறோம். 60 முறை தலை. நேர்மையான நாணயம்தானா? நாணயம் நேர்மையானது என்று வைத்துக்கொண்டால், தலை 60 அல்லது அதற்கு மேலோ, 40 அல்லது அதற்குக் கீழோ வரும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.057. இதுதான் பி-மதிப்பு. "நாணயம் நேர்மையாக இருப்பதற்கு 6 சதவீத வாய்ப்பு" என்று எழுதினால் தவறு. சரியான வாக்கியம்: "நாணயம் நேர்மையானது என்றே வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிட அதிகமான விலகல் தற்செயலாக நேர்வதற்கு 100-க்குச் சுமார் 6 வாய்ப்பு." 'என்று வைத்துக்கொண்டால்' என்ற சொற்றொடரை விடவே கூடாது. மாணவர்களிடம் அந்தச் சொற்றொடரைக் கட்டம் கட்டி எழுதச் சொல்கிறேன். பி-மதிப்பு, வழக்கமாக வைக்கும் 0.05 என்ற எல்லைக்குக் கீழே வரவில்லை என்பதால் நாணயம் நேர்மையானது என்று நிரூபணமாகவும் இல்லை; மறுக்கப் போதிய சான்று கிடைக்கவில்லை, அவ்வளவுதான். நாள்தோறும் ஒரு பி-மதிப்பையும் ஒரு நம்பிக்கை இடைவெளியையும் (மாதிரியிலிருந்து உண்மை மதிப்புக்கு மதிப்பிடும் வீச்சையும்) எடுத்து, கணக்கு தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல் இரண்டே வாக்கியத்தில் எழுதுங்கள்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்

தீர்த்த கணக்கை வாசிப்பது பயிற்சி அல்ல. வாசிக்கும்போது எல்லாம் புரியும். புத்தகத்தை மூடினால் இரண்டாவது வரி வராது. ரோடிகர், கார்பிகி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, மூடிவிட்டு நினைவுகூர்ந்தவர்களே முந்தினார்கள். கணிதத்துக்கு இதை இப்படிச் செய்யுங்கள்: தீர்த்த கணக்கை ஒரு முறை கவனமாகப் படியுங்கள். மூடிவிட்டு வெற்றுத் தாளில் போடுங்கள். நின்றுபோனால் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். மறுநாள் அதே கணக்கை உதவியே இல்லாமல் முதலிலிருந்து போடுங்கள். மறுநாள் போட முடிந்தால்தான் அது உங்களுடையது.

வாரத்தில் ஒரு நாள் கலந்து பயிற்சி செய்யுங்கள். சங்கிலி விதிப் பகுதியில் இருக்கும் முப்பது கணக்குக்கும் சங்கிலி விதிதான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. நான்கு அதிகாரங்களிலிருந்து மும்மூன்று கணக்குகளைச் சீட்டில் எழுதி, கலைத்துப்போட்டு எடுங்கள். முதலில் கடினமாக இருக்கும், வேகம் குறையும். அந்தக் கடினம்தான் வேலை செய்கிறது.

பிழைகளுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். "கவனக்குறைவு" என்ற சொல்லை அதில் எழுதக் கூடாது. அந்தச் சொல்லிலிருந்து கற்பதற்கு எதுவுமில்லை. என்ன எழுதினேன், ஏன் அப்படித் தோன்றியது, எந்த எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும்: இந்த மூன்றையும் எழுதுங்கள். நான் முதலில் சொன்ன மாணவியின் நோட்டில் முதல் பக்கத்தில் 3, 4, 5, 7 என்ற நான்கு எண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. அந்தப் பருவத்தில் மறுபடி அவள் வர்க்கமூலத்தைப் பிரிக்கவில்லை.

நண்பர்களோடு படிப்பது நல்லது, தனியே போட்டுப் பார்த்த பிறகு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களில் நுண்கணித மாணவர்களைக் கவனித்த உரி டிரைஸ்மன், நன்றாகச் செய்த ஒரு பிரிவினர் தனியே உழைத்துவிட்டுப் பிறகு கூடி விடைகளை ஒப்பிட்டு விவாதித்ததைக் கண்டார். தடுமாறிய பிரிவினரில் பலர் கடுமையாக உழைத்தும் தனியாகவே இருந்தார்கள். மூன்று பேர் போதும். ஒருவர் விடையைச் சொல்ல வேண்டாம். அந்த விடைக்கு முன் எழுதிய வாக்கியத்தைச் சொல்லட்டும். மற்ற இருவரும் அதை எதிர்த்துக் கேட்கட்டும்.

ஆசிரியரிடம் ஐயம் கேட்கப் போகும்போது "இந்தக் கணக்கு வரவில்லை" என்று போகாதீர்கள். நீங்கள் போட்ட தாளோடு போய், "இந்த வரி வரை சரி என்று நினைக்கிறேன், அடுத்த வரி ஏன் என்று தெரியவில்லை" என்று சொல்லுங்கள். உங்கள் ஐயம் மூன்று நிமிடத்தில் தீரும். அப்படி வருகிற மாணவரைக் கண்டால் எனக்கு அன்றைய களைப்பெல்லாம் போய்விடுகிறது.

தேர்வு அறையில் முதல் ஐந்து நிமிடம் முழுத் தாளையும் படித்து, ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் மூன்று நான்கு சொல்லில் எதிர்பார்ப்பைக் குறியுங்கள்: "மிகை", "ஒன்றுக்குள்", "வினாடிக்கு மீட்டர்". கடைசிப் பத்து நிமிடத்தில் கணக்குகளை முதலிலிருந்து மறுபடி போடாதீர்கள். அதே பிழையை அதே கை மறுபடி செய்யும். ஓரத்தில் எழுதியதையும் கடைசி வரியையும் மட்டும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத கணக்கு ஒன்று கிடைத்து, திருத்த நேரம் இல்லை என்றால், "விடை மிகை எண்ணாக இருக்க வேண்டும், எங்கோ குறியில் பிழை" என்று எழுதிவிட்டு வாருங்கள். அப்படி எழுதிய தாள்களுக்கு நான் எப்போதும் மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். அன்று மாலையே, நினைவு இருக்கும்போது, அந்தக் கணக்கை வெற்றுத் தாளில் போட்டு அந்தக் குறியைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.